பூஜைக்கு வைத்த சாவி

டிரைவரைக் கட்டிக்கொண்ட பெண்ணுக்கு, எதிர்பாராத நேரத்தில் போன் அடித்தால் ஒரே ஒரு பயம்தான் எழும்பும். எங்கே மோதினான், உயிர் இருக்கிறதா? ராகேல் கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு பயத்துக்கு மட்டுமே தன்னைத் தயார் செய்து வைத்திருந்தாள். அதனால்தான் நவமி அன்று காலையில், கழக்கூட்டத்து ஹாஸ்டல் சமையலறையில் புட்டுக்குற்றியை இறக்கிக்கொண்டிருந்தபோது, "செல்வினண்ணனப் போலீஸ் கூட்டிட்டுப் போயாச்சு ராகேலக்கா" என்று முதலாளி வீட்டு மருமகள் சுஜா போனில் சொன்னதும், அவளுக்கு முதலில் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. போலீஸ் கூட்டிப் போகிறதென்றால் ஆள் உயிரோடு இருக்கிறான்.

"யாரையாவது இடிச்சிட்டாரா சுஜாம்மா?"

"இடிக்கல்ல அக்கா. காரக் காணல்ல. அண்ணன்தான் எடுத்தாருன்னு மாமா சொல்லிட்டாங்க."

ராகேல் புட்டுக்குற்றியைக் கீழே வைத்தாள். எங்கே வைத்தோம் என்று பிறகு அவளுக்கு நினைவில்லை.

குழித்துறைக்காரி அவள். அப்பா ரப்பர் வெட்டியவர். பத்தாவதோடு படிப்பு நின்று, செல்வினைக் கட்டித் திருவனந்தபுரம் வந்து, கரமனையில் ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு, ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகளின் ஹாஸ்டலில் சமைக்கிறாள். அந்தப் பிள்ளைகளுக்கு அவள் சமையலைவிட அவள் வாய்தான் பிடிக்கும். "சேச்சி, சாம்பார்ல உப்பில்லா" என்று ஒருத்தி சொன்னால், "உப்பு மட்டும் தனியா ஆப்புல ஆர்டர் பண்ணு மோளே, சேச்சி கேட்டுல நின்னு வாங்கித் தாறேன்" என்பாள். அன்று அடுப்பை மட்டும் அணைத்தாள். ஏப்ரனைக் கழற்றாமலே பஸ் ஏறிவிட்டாள்.

செல்வின், ஆரியசாலையில் கருப்பட்டியும் சுக்கும் மொத்த வியாபாரம் செய்கிற பகவதிப்பெருமாள் வீட்டு டிரைவர். பகவதிப்பெருமாள் கெட்ட மனிதர் என்று ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். ராகேலின் மகள் ஜினிக்கு டெங்கு வந்தபோது தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தவர். கிறிஸ்துமஸுக்கு செல்வினுக்குச் சட்டை எடுத்துக் கொடுப்பவர். "செல்வினு நம்ம வீட்டு ஆளாக்கும்" என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லுபவர். நம்ம வீட்டு ஆள் என்று சொல்லப்படுகிறவன் எந்த வீட்டுக்கும் உண்மையில் ஆள் இல்லை என்பது ராகேலுக்கு அன்று வரை தோன்றியதில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்தபடி சுஜாவிடம் கேட்டுக் கேட்டு அவள் தெரிந்துகொண்டது இது. முந்தின நாள் அஷ்டமி. கேரளத்தில் அன்று சாயங்காலம் பூஜை வைப்பு. புத்தகங்கள், கடைக் கணக்குகள், தராசு, வண்டிச் சாவி எல்லாவற்றையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கிப் பட்டுத் துணியால் மூடிவிடுவார்கள். விஜயதசமி காலையில் முகூர்த்தம் பார்த்துப் பூஜை எடுக்கிறவரை யாரும் படிக்கக்கூடாது, எழுதக்கூடாது, தொழில் செய்யக்கூடாது, துணியைத் தொடவே கூடாது. ஆரியசாலையில் எந்தத் தமிழ் வீட்டிலும் இது தப்பாது. செல்வின் காரைக் கழுவி, சந்தனப் பொட்டு வைத்து, சந்தின் கடைசியில் இருக்கும் காலி மனையில் நிறுத்திவிட்டு, சாவியைக் கொண்டுவந்து கொடுத்தான். அசல் சாவி, மாற்றுச் சாவி இரண்டும் ஒரே வளையத்தில் கிடந்தன. பகவதிப்பெருமாள் வாங்கி வைத்தார். தீபாராதனை ஆயிற்று. செல்வின் வாசலில் நின்று சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

காலையில் பார்த்தால் காலி மனை காலியாகவே இருந்தது.

இதுவரை யாருக்கும் நடக்கக்கூடியது. கார் காணாமல் போனால் எவருக்கும் கை கால் ஓடாது. இதற்குப் பிறகு அந்த வீட்டுக் கூடத்தில் கூடிய பெரிய மனிதர்கள் யோசித்த விதம்தான் வேறு எந்த ஊரிலும் நடக்க முடியாதது. சாவி இல்லாமல் கார் நகராது. அதனால் சாவியை யாரோ எடுத்திருக்க வேண்டும். சாவி இருப்பதோ தேவியின் முன்னால், பட்டுக்கு அடியில். பூஜையில் வைத்த பொருளில் கை வைக்க இந்தத் தெருவில் எவனுக்குத் தைரியம் வரும்? கை வெந்து போகாதா? அப்படியென்றால் எடுத்தவன், அதை வெறும் துணியாகப் பார்க்கிறவனாகத்தான் இருக்க வேண்டும். வீட்டுக்குள் வந்து போகிறவர்களில் அப்படி யார் இருக்கிறார்கள்? எல்லோருடைய கண்ணும் ஒரே நேரத்தில் வாசலில் நின்ற செல்வின் மேல் போய் விழுந்தது.

கார் போய்விட்டதென்று கேட்டு, அதைத் தேட வேண்டுமே என்று ஓடி வந்து நின்றவன் அவன்.

"அண்ணாச்சி, துணியத் தூக்கிப் பாருங்கோ, சாவி அங்கதான் கெடக்கும்" என்று செல்வின் சொன்னானாம். சொன்னதே அவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. பூஜையை நடுவில் கலைக்கச் சொல்கிறான் பார், இவனுக்கு எவ்வளவு அலட்சியம் என்றார்கள். பூஜை செய்கிற போற்றியைப் போனில் கேட்டார்கள். விஜயதசமி முகூர்த்தத்துக்கு முன்னால் தொட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்றார் அவர். போலீஸைக் கூப்பிட்டார்கள். சுமை தூக்கும் தொழிலாளிகள், கடைக்காரர்கள், பால் வாங்க வந்த பெண்கள் எல்லோரும் பார்க்க, செல்வினின் சட்டைக் காலரைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஸ்டேஷனில் ராகேல் முதலில் பார்த்தது சத்தியநேசனை. பாறசாலைக்காரர், தமிழ் பேசுகிற ஏட்டு. கழுத்தில் சிலுவை தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"சாரே, எனக்க மாப்பிள்ள செல்வின். கள்ளம்னு சொல்லிக் கொண்டு வந்திருக்காவ."

"இரி தங்கச்சி. அரெஸ்ட் ஒண்ணும் இல்ல. சும்மா விசாரிக்கத்தான்."

"விசாரிச்சாச்சா?"

சத்தியநேசன் உள் அறைப் பக்கம் பார்த்தார். கதவு பாதி திறந்திருந்தது. செல்வின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சட்டை இல்லை. இடது கன்னம் வீங்கி, கண் சிறுத்துப் போயிருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனான். யாரோ உட்காரச் சொன்ன சத்தம் கேட்டது. அவன் முகத்தில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. தெரியாத வீட்டில் விழித்துக்கொண்டவன் எங்கே இருக்கிறோம் என்று பார்ப்பானே, அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாரே, சாவி அந்த வீட்டுக்குள்ள இருக்கா இல்லையான்னு பாத்தா தீந்து போற காரியம்தானே இது. நீங்க போய்ப் பாத்தீங்களா?"

"எஸ்.ஐ. சார் கேட்டாச்சு. பூஜை எடுக்காம பாக்க முடியாதுன்னு அவங்க சொன்னாங்க. ரிலீஜியஸ் மேட்டர். நாங்க பட்டுல கை வெச்சா நாளைக்கு அது பெரிய பிரச்சினையாவும்."

"மனுசன் கன்னத்துல கை வெச்சா பிரச்சினையாவாது?"

"சத்தம் போடாத தங்கச்சி. எதிர்த்த கடையில கேமரா இருக்கு. அதயும் பாக்கலாம்னு போனோம். அந்த ஆளு கம்ப்யூட்டரப் பூஜைக்கு வெச்சிட்டுக் குடும்பத்தோட கன்னியாகுமரி போயிருக்கான். விஜயதசமி முடிஞ்சுதான் தொறப்பான். என்ன செய்ய? சாவி இருந்தா இவன வீட்டுக்கு விட்டிருவோம். இல்லேன்னா கேஸு."

ராகேல் அந்த அறையைச் சுற்றிப் பார்த்தாள். மேஜை ஓரத்தில் பிரம்பு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"ஊருல எல்லாத்தயும் பூஜைக்கு வெச்சாவ. இதயும் கொண்டு வெச்சிருக்கலாம். எனக்க மாப்பிள்ளைக்கு அடி விழாம இருந்திருக்கும்."

சத்தியநேசன் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் கதவைத் திறக்கவில்லை. நல்ல மனிதர்கள் தலையைக் குனிந்துகொள்வதால் எந்தக் காலத்திலும் எந்தக் கதவும் திறந்ததில்லை.

அங்கிருந்து அவள் நேரே ஆரியசாலைக்குப் போனாள். வழியில் சபைப் பாஸ்டருக்குப் போன் செய்தாள். "பொறுமையா இரி சகோதரி. உபவாசமிருந்து ஜெபிப்போம். கர்த்தர் ஏற்ற வேளையில் உண்மைய வெளிச்சத்துக்குக் கொண்டு வருவாரு" என்றார் அவர். அந்த ஏற்ற வேளை எது என்று அவரும் சொல்லவில்லை. ஸ்டேஷனுக்கு ஒரு நடை வரட்டுமா என்று அவர் வாயிலிருந்து வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போனை வைத்தாள்.

பகவதிப்பெருமாள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினாள். கூடத்தின் கடைசியில் பூஜை அறை. கதவு அகலத் திறந்திருந்தது. சரஸ்வதி படம், எரிகிற விளக்கு, அதற்கு முன்னால் சிவப்புப் பட்டு மூடிய குவியல். மேல் பக்கம் புத்தக அடுக்கின் முனைகள் துருத்திக்கொண்டு நின்றன. ஓரத்தில் பட்டு சின்னதாக ஒரு மேடு தட்டியிருந்தது. ராகேலின் கண் அந்த மேட்டை விட்டு நகரவில்லை.

அந்த நொடியில் அவள் நினைத்ததெல்லாம் ஒன்றுதான். ஓடிப்போய் ஒரு இழுப்பு. எட்டிப் பிடிக்கிற தூரம். அங்கிருந்த யாராலும் அவளை மறித்திருக்க முடியாது.

கால் ஒன்று முன்னால் வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவள் கையால் துணி விலகி, அடியில் சாவி கிடந்தால், என்ன சொல்வார்கள்? கள்ளனின் பெண்டாட்டி வந்தாள், கையில் கொண்டுவந்த சாவியைப் போட்டுவிட்டுப் போனாள் என்பார்கள். செல்வினை விடுவிக்கக்கூடிய ஒரே சாட்சியை அவள் கையே அழித்துவிடும். எடுத்து வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

பகவதிப்பெருமாள் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் முகம் வெளுத்துத்தான் இருந்தது. ஆசைப்பட்டு வாங்கிய கார்.

"நீ இங்க வந்திருக்கப்பிடாது ராகேலே."

"சாவி இருக்கான்னு பாத்திட்டுப் போறேன் அண்ணாச்சி. நான் தொடமாட்டேன். இந்த வாசல்லயே நிக்கேன். வேணும்னா எனக்க கையப் பின்னால கெட்டுங்கோ. நீங்க ஒருக்கா அந்தத் துணியத் தூக்கிக் காட்டுங்கோ, போரும்."

"உனக்குச் சொன்னா மனசிலாவாது. இது எங்க காரியம். நடுவுல எடுத்தா வம்சத்துக்கே தோஷம். என் பேரன நாளைக்கு மொத எழுத்துக்கு இருத்தப் போறேன், தெரியும்லா? அந்தப் பிள்ளைக்கு ஒண்ணு வந்தா நீ பதில் சொல்லுவியா?"

"எனக்க பிள்ளைக்கு இப்பமே வந்தாச்சே அண்ணாச்சி. கள்ளனுக்க மோளுன்னு ஜினிக்க கூட்டுக்காரிக போன் பண்ணிக் கேக்காளுவ. அதுக்கு யாரு பதில் சொல்லுவா?"

"சாவி இருந்தா நானே அவனக் கூட்டிட்டு வருவேன். தேவி எல்லாம் பாத்திட்டிருக்கா. சத்தியம் அவ காலடியில இருக்கு. நாளைக்கு வெளிய வரும்."

"சரி. சத்தியம் தேவிக்க காலடியில பட்டப் பொத்திக்கிட்டு இருக்கட்டும். நாளைக்கு வரைக்கும் எனக்க மாப்பிள்ள யாருக்க காலடியில கெடப்பாரு?"

பகவதிப்பெருமாள் ஊஞ்சலை நிறுத்தினார். ஒரு கணம் அவர் பார்வை பூஜை அறைக்குப் போயிற்று. சாவி அங்கேதான் இருக்குமோ என்ற சந்தேகம் அவருக்கும் வந்துவிட்டதை ராகேல் கண்ணால் கண்டாள். இன்றைக்கும் அவளை உறங்கவிடாதது அந்தக் கணம்தான். சந்தேகம் வந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. அறியாமல் செய்தார் என்று யாராவது அவருக்காகப் பேசினால், ராகேல் அந்தப் பார்வையைத்தான் சொல்வாள்.

வெளியே வந்தபோது மருமகள் சுஜா பின்னாலேயே வந்து வாசல் மறைவில் நின்றாள்.

"நான் தூக்கிடவா அக்கா? யாரும் பாக்காதப்ப?"

"யாரும் பாக்காம நீ பாத்தா யாரு நம்புவா சுஜாம்மா? எல்லாரும் பாக்கத் தூக்கு."

உள்ளே குழந்தை அழுத சத்தம் கேட்டது. சுஜா உள்ளே போய்விட்டாள். ராகேல் அவளைக் குறை சொல்லவில்லை. நாளைக்குக் குழந்தைக்குத் தும்மல் வந்தாலும் அந்த வீட்டில் யார் தலையில் விடியும் என்று ராகேலுக்கும் தெரியும்.

விஜயதசமி அன்று விடிந்ததும் ராகேல் மறுபடி அங்கே போய் நின்றாள். இந்த முறை சத்தியநேசனைக் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தாள். சாதாரணச் சட்டையில் வந்து, யாருக்கோ சாவு வீட்டுக்கு வந்தவரைப்போலச் சுவர் ஓரமாக நின்றார். வீடு நிறைய உறவுக்காரர்கள். குளித்து, ஈரத் தலையோடு, கசவுச் சேலையில் பெண்கள். உருளியில் பச்சரிசி பரப்பி வைத்திருந்தது. எழுத்துக்கு இருத்தும் பேரன் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மூக்கை நோண்டிக்கொண்டிருந்தான்.

போற்றி மணியடித்தார். பகவதிப்பெருமாள் பட்டின் இரண்டு முனைகளைப் பிடித்து மெல்ல விலக்கினார்.

சாவி கிடந்தது. தராசுக்குப் பக்கத்தில், வைத்தது வைத்தபடி, இரண்டும் ஒரே வளையத்தில். மேலே குங்குமம் ஒட்டியிருந்தது.

விளக்குத் திரி பொரிந்த சத்தம் கேட்டது. பகவதிப்பெருமாளின் கை பட்டைப் பிடித்தபடியே நின்றுவிட்டது. சாவி இருக்கிறது, கார் இல்லை. இது எப்படி என்று அந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு முகமும் ஒவ்வொரு முகத்தைப் பார்த்தது. சத்தியநேசன் முன்னால் வந்து, குனிந்து பார்த்து, "சாவி ரெண்டும் இருக்கு" என்று நீதிமன்றத்தில் சொல்வதுபோலச் சொன்னார்.

முதலில் தெளிந்தவள் யாரோ ஒரு பெரியம்மா. "தேவி காப்பாத்திட்டா. ஒரு நிரபராதியக் காப்பாத்திட்டா பாரு." உடனே எல்லோருக்கும் மூச்சு வந்தது. பகவதிப்பெருமாள் கண் நிறைந்து கை கூப்பினார். ராகேலைப் பார்த்து அல்ல, படத்தைப் பார்த்து.

"ஸ்டேஷனுக்குச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள் ராகேல்.

"சொல்லுகேன். ஒரு அஞ்சு நிமிஷம் நில்லு மக்களே. முகூர்த்தம் போயிரும்."

ராகேல் தன் காதில் விழுந்தது சரிதானா என்று சத்தியநேசனைப் பார்த்தாள். சரிதான். பகவதிப்பெருமாள் பேரனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவன் விரலைப் பிடித்து அரிசியில் ஹரிஸ்ரீ எழுத வைத்தார். குழந்தை அரிசியை வாரி வாயில் போட்டது. எல்லோரும் சிரித்தார்கள். ஒரு மனிதன் குற்றமற்றவன் என்று கண்ணெதிரே தெரிந்த பிறகும், அவனைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு இவர்களால் சிரிக்க முடிகிறதே என்று அவள் மலைத்து நின்றாள். முந்தின நாளின் அடியைவிட இந்தச் சிரிப்புதான் அவளை அதிகமாக உலுக்கியது. அந்தக் குழந்தை படிக்கப் போகும் முதல் பாடம் இதுதானா?

சத்தியநேசனின் சட்டைக் கையைப் பிடித்தாள். "சாரே, நீங்க போன் பண்ணுங்க. இப்பம்." அவர் பண்ணினார்.

மறுநாள் கேமராக்காரன் வந்து கம்ப்யூட்டரைத் திறந்தான். நவமி விடியப் போகிற நேரத்தில் ஒரு ரெக்கவரி வேன் சந்துக்குள் வந்தது தெரிந்தது. மஞ்சள் கோட்டுப் போட்ட இரண்டு பேர் காரின் முன் சக்கரங்களைக் கொக்கியில் தூக்கி இழுத்துக்கொண்டு போனார்கள். பழுதான வண்டியைக் கொண்டுபோவதுபோல அவசரமே இல்லாமல் போனார்கள். சாவியை யாரும் தேடவில்லை. கார் பிறகு கிடைக்கவும் இல்லை.

செல்வின் விஜயதசமி அன்றே வீட்டுக்கு வந்துவிட்டிருந்தான். ஸ்டேஷனில் அவன் இருந்ததற்கு எந்தப் பதிவும் இல்லையாம். பிடிக்கவே இல்லாதவனை எப்படி விடுவிப்பது, சட்டையைப் போட்டுக்கொண்டு போ என்றார்களாம். ஜினி இடது பக்கம் நின்று கூப்பிட்டபோது அவன் திரும்பவில்லை. ஜெனரல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர், "செவிப்பறை கிழிஞ்சிருக்கு, யாரு அடிச்சது?" என்றாள். ராகேல் சொன்னாள். டாக்டரைக் கேட்டு அதை எழுதியும் வாங்கி, ஸ்டேஷன்காரர்கள் மேல் புகார் கொடுத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகவதிப்பெருமாள் ஆப்பிளும் ஒரு சட்டைப் பெட்டியும் எடுத்துக்கொண்டு கரமனைக்கு வந்தார். லைன் வீடு. ஒரு வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் கேட்கும். பைப்படியில் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் உள்ளே வந்து, கதவைச் சாத்தச் சொல்லிப் பார்த்தார். ராகேல் சாத்தவில்லை.

அவர் செல்வினின் இடது பக்கம் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நடந்தது நடந்து போச்சுடே. நீ எடுக்கல்லன்னு எனக்குத் தெரியும். தேவிதான் உன்னக் காப்பாத்தினா. புது வண்டி எடுக்கப் போறேன், நீதான் ஓட்டணும்."

செல்வின் மெதுவாகத் தலையைத் திருப்பினான். "என்ன சொன்னிய அண்ணாச்சி? கேக்கல்ல."

"நீ எடுக்கல்லன்னு தெரியும்னேன்."

"இந்தக் காதுல ஒண்ணும் விழல்ல. கொஞ்சம் சத்தமா."

அவர் வாசலைப் பார்த்தார். பைப்படியில் குடம் நிறைந்து வழிந்தது, யாரும் எடுக்கவில்லை. "நீ காரு எடுக்கல்லடே. நான்தான் தப்பா நெனச்சிட்டேன்" என்று இரைந்து சொன்னார். தெரு முழுவதும் கேட்டது. வலது காது நன்றாகக் கேட்கிற புருஷனை ராகேல் பார்த்தாள். கல்யாணமான நாள் முதல் அவனை இப்படி அவள் பார்த்ததில்லை.

"கொஞ்சமாட்டுக் கேக்குது" என்றான் செல்வின். "ஆரியசாலையில, ஜீப்பு நின்ன எடத்துல நின்னு சொன்னியன்னா நல்லாக் கேக்கும்."

"அது எதுக்குடே? அங்க எல்லாரும்…"

"எல்லாரும் இருந்தாவளே அண்ணாச்சி. அன்னைக்கு."

பகவதிப்பெருமாள் ஆப்பிள் பையைப் பார்த்தார். இவர் எழுந்து போய்விடுவார் என்றுதான் ராகேல் நினைத்தாள். எழுந்தார். செருப்பைப் போட்டார். படியில் நின்று திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"இப்பமே வாறியா?"

ராகேல் கொடியில் கிடந்த செல்வினின் சட்டையை எடுத்து நீட்டினாள். சட்டைப் பெட்டியையும் ஆப்பிளையும் அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "வேலைக்கு வாறதும் வராததும் அவருக்க இஷ்டம். ஸ்டேஷன்காரங்க மேல நான் குடுத்த புகார வாபஸ் வாங்கச் சொல்லி நடுவுல நீங்க வரக்கூடாது. அது வேற காரியம்."

கார் இல்லாததால் ஆட்டோ பிடித்தார்கள். மூன்று பேரும் ஒரே சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ராகேல் நடுவில் உட்காரவில்லை. புருஷனின் இடது பக்கம் ஏறிக்கொண்டு, வலது பக்கத்தை முதலாளிக்கு விட்டுக்கொடுத்தாள்.